கல்யாண டிவிடியில் கறுப்புப் பட்டை

கொட்டகலை பஜாரில் ஸஃப்வானின் ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள், உள்ளே கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தர்ஷிகாவிடம் வாயைக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசித்துக்கொள்வார்கள். அடையாள அட்டைப் படத்தில் முகத்தை வெள்ளையாக்கித் தரச் சொன்ன ஒருவரிடம், நாளைக்கு ஆள் மாறாட்டக் கேஸில் பிடித்துக்கொண்டு போனால் தான் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். வயது முப்பத்தாறு. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவள். இதுவரை முன்னூறு கல்யாணங்களையாவது வெட்டி ஒட்டியிருப்பாள். உன் கல்யாணம் எப்போது என்று யாராவது கேட்டுவிட்டால், இத்தனை பேருடையதைப் பார்த்த பிறகுமா என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர் அதோடு அடங்கிவிடுவார்.

இந்தக் காலத்தில் யார் டிவிடி பார்க்கிறார்கள் என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். அவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்கு வந்து பார்க்கட்டும். மலைக்கு இந்தப் பக்கம் ஃபோனில் ஒரு படம் இறங்கி முடிவதற்குள் அடுத்த கல்யாணமே வந்துவிடும். முதுகு பெருத்த பழைய டீவி மட்டும் எல்லா வீட்டிலும் அசையாமல் இருக்கிறது. கல்யாணமோ சடங்கோ முடிந்து டிவிடி வந்துவிட்டால் லயமே அந்த வீட்டில் கூடிவிடும். ஒருவரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க வருவதில்லை. அவரவர் தன்னைத் தேடித்தான் வருகிறார்கள். பந்தியில் அப்பளத்தை நொறுக்குகிறபோது தன் முகம் அரை நொடி வந்துபோனால் போதும், ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு. வராவிட்டால் ஒரு வருடத்துக்கு அதுதான் பேச்சு.

இதையெல்லாம் தீர்மானிப்பது ஒரு சின்னப் பெட்டி. டிவிடி தயாரிக்கிற மென்பொருளில் புது வேலையொன்றைத் திறந்ததும் அது முதலில் திரையில் வந்து நிற்கும். எந்த நாட்டு டீவிக்கு, ஒரு நொடிக்கு எத்தனை படம், திரை நீளமா சதுரமா, டிவிடியைப் போட்டதும் முதலில் எது வரவேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். அவசரக்காரர்கள் எதையும் படிக்காமல் ஓகேயை அமுக்கிவிட்டுப் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தர்ஷிகாவும் அப்படித்தான் அமுக்கினாள். அந்த மென்பொருள் அமெரிக்காவில் பிறந்தது. அது சமர்த்தாக அமெரிக்க டீவிக்கே டிவிடியைத் தயார் பண்ணிக் கொடுத்துவிட்டது. பொகவந்தலாவையில் ஒரு வீட்டில் சடங்கு டிவிடியைப் போட்டால், புதுப் பட்டுடுத்திய பெண் சாம்பல் நிறத்தில் மேலே மேலே ஓடிக்கொண்டேயிருந்தாளாம். அந்தப் பெண்ணின் மாமா வந்து மேசையில் டிவிடியை விட்டெறிந்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் ஒரு வரியையும் படிக்காமல் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். பள்ளிக்கூட இங்கிலீசு அதற்குப் போதவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு, டிவிடி டிவிடியாகப் பாழாக்கித்தான் எது என்ன செய்யும் என்று கண்டுபிடித்தாள். இப்போது கண்டி ரோட்டில் கடை வைத்திருக்கிறவர்கள்கூட, படம் ஏன் இப்படி வருகிறது என்று அவளிடம் ஃபோனில் கேட்கிறார்கள்.

போன வைகாசியில் நடந்த ஒரு கல்யாணம் அவளிடம் வந்தது. மணமகள் டயகமத் தோட்டத்துப் பெண். அவளுடைய அம்மா சீதாலெட்சுமி, கொழுந்து எடுக்கிறவர். புருஷன் இறந்து இருபது வருடமாகிறது. அந்த ஒரு பிள்ளையைத் தனியாளாக வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக்கொடுத்தார். கல்யாணம் கொட்டகலைக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டுத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்தது. அங்கே எல்லாம் மாப்பிள்ளையின் பெரியப்பா கணேசமூர்த்தி வைத்ததுதான் சட்டம். கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். கேமராவோடு போய் எடுத்தது ஸஃப்வான். அதை வெட்டி ஒட்டி டிவிடியாக்குவது தர்ஷிகாவின் பாடு.

அவள் முதலில் போட்டது சரியான டிவிடிதான். கணேசமூர்த்தி அதைத் தம்பி வீட்டுப் பழைய டீவியில் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றார்.

"மங்கள காரியத்துல மேலயும் கீழயும் கறுப்பக் கட்டி வச்சிருக்கீங்களே. நாங்க கல்யாணத்துக்குக் கூப்பிட்டோமா, கருமாதிக்குக் கூப்பிட்டோமா?"

தர்ஷிகா பொறுமையாகத்தான் விளக்கினாள். இப்போதைய கேமராவில் படம் நீளமாக வரும், பழைய டீவி கிட்டத்தட்டச் சதுரம், நீளமானதை முழுசாகக் காட்டினால் மேலும் கீழும் இடம் காலியாகிக் கறுப்பாகத் தெரியும் என்றாள். திரையை நிரப்பித்தான் ஆகவேண்டுமென்றால் இடது பக்கம் எட்டில் ஒரு பங்கும் வலது பக்கம் எட்டில் ஒரு பங்கும் வெட்டுப்பட்டுப் போகும் என்றும் சொன்னாள். போனால் போகட்டும், ஓரத்தில் நிற்கிறவர்களுக்காக யார் அழப் போகிறார்கள் என்றார் அவர். அவருக்குப் பின்னால் நின்ற ஸஃப்வான் கண்ணைக் காட்டினார். ஆடித் திருவிழாவுக்கு வீடியோ எடுக்கிற வேலை கணேசமூர்த்தியின் கையில் இருந்தது. தர்ஷிகா முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, திரையை நிரப்பு என்று மாற்றினாள். பொண்ணு, மாப்பிள்ளை, ஐயர், தாலி என்று நடுவில் இருந்ததையெல்லாம் சரிபார்த்தாள். ஓரத்தில் என்ன போனது என்று பார்க்கவில்லை. அது முழுக்க அவள் செய்த பிழை, மென்பொருளின் தலையில் போட முடியாது. ஐந்து டிவிடி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, பத்து மணியிருக்கும். டயகமவிலிருந்து தலவாக்கலை வந்து, அங்கே பஸ் மாறி, சீதாலெட்சுமி ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய டிவிடி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரை, போட்டுக்கொண்டே வாருங்கள் என்று தர்ஷிகா சொல்லியும் கேட்கவில்லை.

"தங்கச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க. நா மக கல்யாணத்துக்கே போகலன்னு லயத்துல பேசிக்கிறாங்க. மூனு தடவ போட்டுப் பாத்தோம். நா எங்க இருக்கேன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

தர்ஷிகா கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தைத் திறந்தாள். தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. புருஷன் இல்லாதவர் மணவறைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்று தூணோரம் ஒதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். பொண்ணு நடந்து வரும்போது இடது ஓரத்தில் அவர் நிற்கிறார். தாரை வார்க்கும்போது, அந்த வேலையை மாமனும் அத்தையும் நடுவில் உட்கார்ந்து செய்ய, அவர் அதே ஓரத்தில் நிற்கிறார். தாலி ஏறும் நேரத்தில் எட்டிப் பார்த்து, அங்கிருந்தபடியே கையை நீட்டி அரிசி தூவுகிறார். அந்த எட்டில் ஒரு பங்குக்குள் ஒரு தாய் முழுசாக இருந்திருக்கிறார். ஊர் வழக்கம் அவரை ஓரத்துக்குத் தள்ளியது, தர்ஷிகாவின் ஒரு அமுக்கு அந்த ஓரத்தையே வெட்டி எறிந்துவிட்டது.

சீதாலெட்சுமி திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "இந்தா இருக்கேன்ல" என்றார். அழவில்லை. யார் மேலும் குறை சொல்லவில்லை. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தர்ஷிகாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளுக்கு முதலில் வெட்கம் வந்தது. கோபம் அதற்குப் பின்னால்தான் வந்தது, வந்தது போகவில்லை.

சீதாலெட்சுமியை உள்ளே படம் பிடிக்கிற அறையில் உட்காரவைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு, புது வேலையைத் திறந்தாள். நம் நாட்டு டீவி, நொடிக்கு இருபத்தைந்து படம், சதுரத் திரை. அதற்குள் கல்யாணப் படத்தை ஒரு விரற்கடையும் வெட்டாமல் முழுசாக வைத்தாள். மேலும் கீழும் மிஞ்சிய இடத்துக்கு நல்ல மஞ்சள் நிறத்தைப் பூசினாள். கறுப்புத்தானே அபசகுனம், இனி என்ன சொல்வார் பார்ப்போம் என்று கணேசமூர்த்திக்கு ஃபோன் போட்டாள். பஜாரில்தான் இருந்தார், பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்.

மஞ்சள் பட்டையைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. தாலி கட்டுகிற இடம் வரும்வரை பார்த்தார். பிறகு திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"தாலி ஏறுற படத்துல தாலியில்லாதவ நிக்கக் கூடாது. நாளைக்குப் பிள்ளைங்களுக்கு ஒன்னுன்னா யாரு பதில் சொல்றது? முந்திக் குடுத்ததுதான் சரி. அப்படியே இருக்கட்டும்."

அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. கறுப்புப் பட்டை ஒரு சாக்கு. பெற்றவளை வெட்டி எறிய ஒரு மனுஷன் தர்ஷிகாவின் கையையே கத்தியாக்கியிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பெற்ற பிள்ளையின் கல்யாணத்தில் பெற்றவர் நிற்காமல் வேறு யார் நிற்பது என்று கேட்டாள். அவர் ஸஃப்வானைப் பார்த்து, இதை மாற்றினால் திருவிழாவுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

படம் பிடிக்கிற அறைக்குத் திரைச்சீலை ஒன்றுதான் கதவு. சீதாலெட்சுமி அதை விலக்கிக்கொண்டு நின்றார். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

ஸஃப்வான் நல்ல மனுஷன்தான், ஆனால் கடை வைத்திருக்கிற மனுஷன். கொஞ்சம் யோசித்துச் செய்வோம் தங்கச்சி, திருவிழா பெரிய வேலை என்று இழுத்தார். தர்ஷிகா கதிரையைத் திருப்பிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஸஃப்வான் நானா, கேமரா உங்க கையிலதான் இருந்துச்சு. இந்தம்மாவப் பாத்துத்தானே எடுத்தீங்க?"

ஸஃப்வான் லென்ஸ் மூடியைத் திருகினார். "பாத்துத்தான் எடுத்தேன்" என்றார். பிறகு, "செய்ங்க" என்றார்.

தர்ஷிகா சீதாலெட்சுமியைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இனி ஓரத்தில் தெரிந்தால் மட்டும் போதாது, எல்லாவற்றுக்கும் முன்னால் உங்களைப் போடட்டுமா, சம்மதமா என்று கேட்டாள். மகளுக்குப் புகுந்த வீட்டில் பேச்சு வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் உள்ளங்கையில் கொழுந்துக் கறை படிந்த வெடிப்புகளைத் தடவிக்கொண்டார். அப்புறம் அங்கேயே தன் ஃபோனில் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பக்கத்தில் மகள் என்ன சொன்னாள் என்று தர்ஷிகாவுக்குக் கேட்கவில்லை.

"போடுங்க தங்கச்சி" என்றார் சீதாலெட்சுமி. "இருவது வருசம் ஓரமா நின்னது போதும்."

தர்ஷிகா தூணோரப் படத்தைப் பெரிதாக்கி, அவர் அரிசி தூவுகிற இடத்தை மட்டும் பதினைந்து நொடிக்கு மெதுவாக ஓடவிட்டாள். டிவிடியைப் போட்டதும் முதலில் எது வரவேண்டும் என்று பெட்டி கேட்கிற இடத்தில் அதைக் கொடுத்தாள். அதே பெட்டியின் அடியில், ஒருவரும் சீண்டாத ஒரு வரி உண்டு. பார்க்கிறவர் இந்தப் பகுதியை ரிமோட்டால் தாண்டிப் போகலாமா கூடாதா என்று கேட்கும். கொழும்புப் படக் கம்பெனிக்காரர்கள் கள்ளக் கொப்பி எச்சரிக்கைக்கு அதைப் பாவிப்பார்கள். தர்ஷிகா இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் அதைத் தொட்டதில்லை. கூடாது என்று குறித்தாள்.

புது டிவிடி ஐந்தும் இரண்டு வீட்டுக்கும் போயின. முன்பு கொடுத்ததில் தன் பிழை இருந்தது, அதைத் திருப்பி அனுப்புங்கள் என்று உறையில் அவள் கைப்படவே எழுதினாள். டயகம லயத்தில் அதைப் போட்ட அன்றைக்கு இரண்டு தடவை பார்த்தார்களாம். திருவிழா வேலை ஹட்டன்காரர் ஒருவருக்குப் போனது. ஸஃப்வான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் இடியப்பம் வாங்கி வந்து பங்கு வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கணேசமூர்த்தி வந்தார். ஒரு கையில் டிவிடி, மறு கையில் தன் வீட்டு ரிமோட். அடையாள அட்டைப் படத்துக்கு ஏழெட்டுப் பேர் வாசலோர நீள வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். அவர்கள் கேட்கும்படியாகவே, பழுதான டிவிடியைத் தலையில் கட்டிவிட்டீர்கள், எந்தப் பொத்தானை அமுக்கினாலும் வேலை செய்யவில்லை, நாலு வீட்டில் போட்டுப் பார்த்தாயிற்று என்றார். ஸஃப்வான் அதை வாங்கி, கடையில் இருக்கிற டிவிடி பிளேயரில் போட்டார்.

ரோட்டைப் பார்த்திருந்த டீவியில் சீதாலெட்சுமி வந்தார். கையை நீட்டி அரிசி தூவினார். கணேசமூர்த்தி கடை ரிமோட்டை வாங்கி அமுக்கினார். திரையின் மூலையில், கூடாது என்று ஒரு கை தோன்றி மறைந்தது. அவர் டிவிடியை வெளியே எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டார். திரும்பவும் சீதாலெட்சுமிதான்.

"ரிமோட்டுல பிழையில்லைங்க தலைவரே" என்றாள் தர்ஷிகா. "அத தாண்ட முடியாது. நாந்தான் அப்படி வச்சேன்."

அவர் அதை நம்பாதவர் போல இன்னும் இரண்டு தடவை அமுக்கினார். வாங்கில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு டீச்சர், கல்யாண டிவிடிதானே, முதலில் வருகிற இந்த அம்மா யார் என்று அவரிடமே கேட்டார். ஸஃப்வான் தர்ஷிகாவைப் பார்த்தார். தர்ஷிகாவுக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. ஆனாலும் கணேசமூர்த்தி சொல்லட்டும் என்று காத்திருந்தாள். டீச்சரும் காத்திருந்தார். வாங்கே காத்திருந்தது.

"பொண்ணோட அம்மா" என்றார் கணேசமூர்த்தி.