பராகுவேக்கு ஒரு டூர்

தென் அமெரிக்காவில் இருக்கும் பராகுவேக்கு டூர் போகப் போவதாக, இன்று காலை கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் தேவராஜ் அண்ணனிடம் சொன்னேன்.

"அங்க இன்னா வேலை?"

"வேலை இல்லண்ணா. சும்மா சுத்திப் பாக்க."

"என்னாண்ட இன்னாத்துக்குடா மறைக்கிற? ஏஜென்ட் யாரு, சொல்லு."

பஸ் கும்மிடிப்பூண்டி சேர்வதற்குள் ஏழு பேர் வாட்ஸ்அப்பில் பயோடேட்டா அனுப்பிவிட்டார்கள்.

மதியம் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். "ஃபாரின் வேலைக்குப் போறவனுக்கு லீவு எதுக்கு? ரிசைன் பண்ணிட்டுப் போ" என்று லெட்டரைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் எட்டாவது பயோடேட்டா வந்தது. அனுப்பியவர் அதே சூப்பர்வைசர். கீழே ஒரு வரி: "செட்டிலானதும் என்னையும் இட்டுக்கினு போப்பா."

லீவே கிடைக்காதவனை நம்பி எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்... மன்னிக்கவும், என்னையும் சேர்த்து ஒன்பது.

உங்கள் பயோடேட்டாவையும் கமெண்டில் போட்டுவிடுங்கள்.