வயிற்றில் தண்ணீர் சுமக்கும் படகு

ஊரில் எல்லாரும் படகுக்குள் தண்ணீர் வந்துவிட்டதே என்று பதறுவார்கள். வரவில்லையே என்று பதறும் தொழில் என்னுடையது. மொட்டைமாடித் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்த அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்களும் நம்ம ஆள்தான்.

வளைகுடாவில் ஒரு படகுத் துறையில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பினேன். மேலகரம் தாண்டிக் குற்றாலம் போகிற வழியில், குளத்தங்கரையில் விடுதி நடத்தும் முதலாளி, கொச்சியிலிருந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வந்து என்னை வேலைக்கு வைத்தார். லேசான படகு. சாயாமல் நிற்க அதன் வயிற்றில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கிளம்பும் முன் அடித் திருகைத் திறந்தால் குளத்துத் தண்ணீர் ஏறும். உள்ளே இருக்கும் காற்று, இருக்கைப் பலகைக்குக் கீழே உள்ள துளை வழியாக வெளியேறும். அந்தத் துளையில் விரலை விட்டு நுனி நனைந்தால் தொட்டி நிறைந்தது என்று அர்த்தம். தக்கையால் அடைத்துவிட்டுப் போகலாம்.

படகு இருக்கும் வரை எனக்கு ஊரில் வேலை. படகை விற்றால் மறுபடி விமானம்தான். ஒன்பதாவது படிக்கும் மகளை இனியும் செல்போனில் மட்டும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

குளம் வற்றிய கதை

வேலையில் சேர்ந்த புதிது. திருகைத் திறந்துவிட்டு, தொட்டி நிறையட்டும் என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், காவலாளி சுப்பையா அண்ணாச்சியும் சமையல்காரரும் தொட்டி மூடியைக் கழற்றிவிட்டு, ஆளுக்கொரு வாளியோடு தண்ணீரைக் கோரிக் கோரிக் குளத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். படகு தாழ்வதைப் பார்த்து, மூழ்கப்போகிறது என்று பயந்துவிட்டார்கள். கீழே திருகு திறந்திருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

வேர்வையைத் துடைத்துக்கொண்டே அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கத்தினார்: “ஏ மைதீன், எங்கன போய்த் தொலஞ்சே? குளமே வத்திரும் போலிருக்கு, படகுத் தண்ணி மட்டும் கொறைய மாட்டேங்குதுலே!”

ராயகிரிக்காரர்

கரையில் கட்டிப்போட்ட படகின் தொட்டியில் இரண்டு வாரம் தண்ணீர் தேங்கினால் போதும், மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தில் போக வேண்டும். மூடியைத் திறந்து கையை விட்டால் சகதி, நத்தை, வழுவழுவென்று பாசி. சில நாள் தவளையும் உண்டு. ஆகையால் ஓட்டம் இல்லாத நாட்களில் தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, காய்வதற்காகத் துளையைத் திறந்தே வைப்பேன்.

ஒருநாள் அப்படித் தேய்த்துக்கொண்டிருக்கையில், அருவிக்குக் கிளம்பிய ராயகிரி விவசாயி ஒருவர், தலையிலிருந்து எண்ணெய் வடிய வடிய என் பக்கத்தில் வந்து குந்தினார். என் நிலைமைக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். சகதியை இரண்டு விரலால் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இத வீணாக்கிராதிய, ரெண்டு வாளி நமக்கு எடுத்து வைங்க, கத்தரிக்கு ஏ ஒன்னா இருக்கும்.”

பாதித் தொட்டி

முதலாளியம்மாவுக்கு இந்தப் படகு ஆகவே ஆகாது. நீச்சலும் தெரியாது. “ஒரே ஒரு தடவை ஏறிப் பாரு” என்று முதலாளி ஒரு வருடமாகக் கெஞ்சி, ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். நான் கேட்கும்படியே அந்த அம்மா சொன்னார்: “பயமா இருந்துச்சுன்னா நாளைக்கே வித்துரணும், சொல்லிட்டேன்.”

பூஜைக்கு நான் விடுமுறையில் இருந்தேன். வந்ததும் திருகைத் திறந்தேன். விரல் விட்டுப் பார்ப்பதற்குள், முதலாளியம்மா வந்து சரியாக அந்தத் துளை இருக்கும் பலகை மேலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சம். “கெளம்புப்பா, மனசு மாறிரப் போறா” என்று முதலாளி வேறு அவசரப்படுத்தினார். தொட்டி நிறைய வழக்கமாக ஆகும் நேரம் கடந்துவிட்டதே, நிறைந்திருக்கும் என்று திருகை மூடிவிட்டேன்.

குளத்தின் நடுவில் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று ஒரு அடி அடித்தது. படகு சாய்ந்தது, சாய்ந்தது நிமிரவில்லை. அடியில் களுக்கென்று தண்ணீர் ஒரு பக்கமாக ஓடும் சத்தம் கேட்டது. நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசையாது. பாதித் தொட்டியில்தான் சாய்ந்த பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும். பாய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டு, “ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வாங்க!” என்று முதலாளி என்றும் பாராமல் கத்தினேன். இருவரும் வந்து விழுந்தார்கள். படகு மெல்ல நிமிர்ந்தது. பாயைச் சுருட்டித் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தேன். எல்லாரும் உயிரோடு இருக்கிறோம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. வேலை போனதாகவே முடிவுகட்டிவிட்டேன்.

கட்டுத்துறையில் முதலாளியம்மா இறங்கியதும் பலகையைத் தூக்கினேன். துளை நிறையச் சந்தனம். மேலே குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. எல்லாம் கட்டியாகக் காய்ந்து, காற்று போக வழியே இல்லை; அதனால்தான் தண்ணீர் பாதியோடு நின்றுவிட்டது. படகுக்குப் பூஜை போட்ட அண்ணாச்சி கரையில் நின்று தலையைச் சொறிந்தார். “வட்டமா, பொட்டு வைக்கதுக்குன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு மைதீன்!”

“தப்பு அவர் மேல இல்லம்மா. பாக்காமப் போனது நான்” என்றேன்.

முதலாளியம்மா துளையைக் குனிந்து பார்த்தார். இது மூச்சு விடுகிற வழியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். முதலில் உதட்டைக் கடித்தார். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. நாளைக்குத் தொட்டியைச் சரியாக நிரப்பி வை, பாதியில் விட்டதைப் பார்த்துவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அண்ணாச்சி பக்கம் திரும்பினார்: “அடுத்த வருசமும் நல்லாப் பொட்டு வைங்க அண்ணாச்சி, ஆனா நெத்தியில வைங்க, மூக்குல அடைச்சிராதிய!”

வளைகுடாவில் பதினான்கு வருடத்தில் கற்காததை இந்தக் குளத்தில் கற்றேன்: பலகை மேல் யார் உட்கார்ந்திருந்தாலும், “கொஞ்சம் எழுந்திருங்க” என்று சொல்லப் பழக வேண்டும்.