பின்சீட்டு அக்கா

அக்கா செருப்பைக் கழற்றிக் காருக்கு வெளியே ஜோடியாக வைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். கைகள் மடியில் கிடக்கின்றன. எதிரே இருக்கும் சீட்டின் முதுகையே பார்க்கிறார். கார்க்காரர் வெளியே நின்று கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். உள்ளே எந்த வேலையும் நடப்பதாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடியை இறக்கி, "கொழந்தைக்கு என்ன வயசு? எவ்வளவு உயரம் இருக்கும்?" என்று கேட்கிறார். பதில் வந்ததும் இடுப்பைச் சரித்து அந்த உயரத்துக்குத் தாழ்ந்து, மறுபடியும் பார்க்கத் தொடங்குகிறார்.

கார்களில் பின்னால் உட்காருபவர்கள் படம் பார்ப்பதற்கான திரைகளைப் பொருத்துவதும் பழுதுபார்ப்பதும் அவருடைய தொழில். டயர் கடை, பெயின்ட் கடை, பேட்டரிக் கடை என்று வரிசையாக இருக்கும் அந்தச் சந்தில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'பின்சீட்டு அக்கா' என்றால் கையில் இருக்கும் ஸ்பானரைக் கீழே வைக்காமல் அதைக் கொண்டே வழி காட்டுவார்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது. நெற்றியில் பட்டையோடு கட்டிய சின்ன விளக்கு. மேல்சட்டைப் பையில் விதவிதமான பிளாஸ்டிக் நெம்பிகள். இரும்புத் திருப்புளியை வைத்துக் காரின் உள்மூடிகளை நெம்புகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அவங்க வேல பாக்கல, கொள்ளையடிக்கிறாங்க" என்பார்.

அக்காவின் ஷெட்டை ஒட்டினாற்போல் கணவருடைய சீட் கவர் கடை. அக்கா ஒரு சீட்டைப் பிரிக்க வேண்டுமென்றால் அவர் வந்து தையலை அவிழ்த்துக் கொடுப்பார். வேலை முடிந்ததும் மறுபடியும் தைத்துத் தருவார். நாள் முழுக்க இருவரும் பேசிக்கொள்வதை எண்ணினால் இருபது வாக்கியம் தேறாது. மதியம் ரெக்சின் சுருள்கள் மேல் உட்கார்ந்து ஒரே டிபன் கேரியரிலிருந்து சாப்பிடுவார்கள். "வீட்டுல பேசித் தீத்துடுவோம். இங்க வந்தா வேலதான்" என்று அக்கா அதற்கு விளக்கம் சொன்னார்.

அவருடைய வேலையைப் பார்க்க இரண்டு நாள் ஷெட்டில் இருந்தேன். அந்தத் திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்று கேட்டேன். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போல ஒரு சீட்டைத் தூக்கிவந்து என் முன்னால் போட்டார். முன்சீட்டில் தலை சாய்க்கும் மெத்தைக்குப் பின்னால் திரை உட்காருகிறது. மெத்தையைத் தாங்கும் இரண்டு கம்பிகளும் குழாய்போல உள்ளே கூடாக இருப்பவை. ஒயர் அந்தக் கூட்டுக்குள் இறங்கி, சீட்டின் முதுகு வழியாகப் போய், தரைவிரிப்புக்கு அடியில் ஓடி முன்பக்கம் சேர்கிறது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளுவார்கள் என்பதால் அடியில் ஒரு முழம் ஒயரைத் தளர்வாக விட வேண்டும். கஞ்சத்தனம் பண்ணினால் ஒரு மாதத்தில் அறுந்துபோகும். மின்சாரத்துக்கு இரண்டு இணைப்பு. "ஒண்ணு சாவி போட்டாத்தான் முழிக்கும். இன்னொண்ணு தூங்கவே தூங்காது. படத்த எங்க விட்டோம்னு ஞாபகம் வச்சுக்கறது அதோட வேல." சத்தம் மட்டும் ஒயரில் வருவதில்லை. திரையின் விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளியாகக் கிளம்பி, குழந்தையின் காதில் இருக்கும் ஹெட்போனுக்குப் போய் மறுபடியும் சத்தமாகிறது. நடுவில் கையை வைத்து மறைத்தால் அறுந்துவிடும். வலது பக்கம் ஒரு படம், இடது பக்கம் வேறு படம் ஓடலாம். முன்னால் இருப்பவர்களுக்கு ஒன்றுமே கேட்காது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் சீட்டைத் தட்டினார். "முன்னால இருக்கறவங்களுக்கு ரோடு தெரியுது. பின்னால இருக்கறவங்களுக்கு என்ன தெரியுது? முதுகுதான். அதான் இந்தப் பொழப்பு ஓடுது."

இந்த வசனத்தை ஒரு காலத்தில் சிரித்துக்கொண்டேதான் சொல்வாராம். இப்போது சிரிப்பதில்லை. காரணம், ஒரு வருடத்துக்கு முன் வந்த ஒரு குடும்பம்.

கணவன், மனைவி, எட்டு வயதுப் பெண் குழந்தை. திரை பொருத்த வந்திருந்தார்கள். வேலை முடிந்து கார் கிளம்பும் நேரத்தில் மனைவி மட்டும் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, ஹெட்போன் போட்டிருந்தால் முன்னால் பேசுவது குழந்தைக்குக் கேட்குமா என்று விசாரித்தாள். அக்கா பெருமையோடு சொன்னார்: "இடி விழுந்தாக்கூட கேக்காது மேடம்." அந்தப் பெண்ணின் முகம் அப்படியே தளர்ந்ததைப் பார்த்தும், அது எதனால் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை என்கிறார்.

இரண்டு மாதம் கழித்து அதே கார் வந்தது. குழந்தைக்குச் சத்தம் கேட்கவில்லை என்று புகார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, ஒன்றரை மணி நேரம் படம் பார்த்துவிட்டு இறங்குகிறாள், என்ன கதை என்று கேட்டால் தெரியவில்லை என்கிறாள், ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை என்றாள் தாய். அக்கா ஹெட்போனைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னச் சக்கரம் அடிமட்டத்தில் இருந்தது. கைபட்டுத் திரும்பியிருக்கும் என்று சொல்லிக் கூட்டிவைத்து அனுப்பினார். அடுத்த மாதமும் அதே புகார். எதற்கு வம்பென்று ஹெட்போனையே மாற்றி, ஒளி கிளம்பும் பகுதியையும் மாற்றிக் கொடுத்தார்.

மூன்றாவது தடவை வந்தபோது புது ஹெட்போனிலும் சக்கரம் அடிமட்டத்தில் இருந்தது. அதோடு இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. காதை மூடும் பஞ்சு நடுவில் அமுங்காமல் ஓரத்தில் அமுங்கியிருந்தது. காதின் மேல் சரியாக வைக்காமல், கொஞ்சம் பின்னால் தள்ளி, காதில் பாதி திறந்திருக்கும்படி வைத்துப் பழகியவர்களுடைய ஹெட்போன்தான் அப்படி அமுங்கும். தாயையும் தகப்பனையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, குழந்தைக்குப் பக்கத்தில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் இருவரும் எதிரே இருந்த சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, இதில் எந்தக் கோளாறும் இல்லையே கண்ணு என்றார் அக்கா. படம் பிடிக்கவில்லையா என்று கேட்டதற்குப் பிடிக்கும் என்றது. அப்புறம் ஏன் சத்தத்தைக் குறைத்துவிடுகிறாய் என்று கேட்டார்.

"சத்தம் வச்சா அவங்க பேசறது கேக்காது ஆன்ட்டி."

"கேட்டு நீ என்ன பண்ணப் போற?"

"என்னைய யாரு வச்சுக்கறதுன்னு பேசறாங்க. அம்மா, 'எனக்கு வேணாம், நீயே வச்சுக்கோ'ன்னு சொன்னாங்க. அப்பாவும் 'எனக்கும் வேணாம்'னு சொன்னார்."

அழாமல் சொன்னது குழந்தை. அதுதான் தன்னை உலுக்கியது என்கிறார் அக்கா. யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு, ஹெட்போனை எடுத்து மறுபடியும் அதே மாதிரி, காதுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டிக்கொண்டது.

அக்கா இறங்கிக் கணவரின் கடைக்குப் போனார். தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த மனமில்லாமல், அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா அன்றைக்குக் கேட்டபோது இடி விழுந்தாலும் கேட்காது என்று வாயை விட்டது தான்தான் என்பதையும் சொன்னார். குழந்தை நம்பிச் சொன்னதைப் போட்டுக் கொடுப்பதா, பேசாமல் இருந்துவிடுவதா என்று கேட்டார். கணவர் மெஷினை நிறுத்தினார்.

"கொழந்த உன்கிட்ட சொன்னது ரகசியமா, புகாரா?"

அவ்வளவுதான் கேட்டார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. திரும்பிப் போய்க் குழந்தையிடம், இதை உன் அம்மா அப்பாவிடம் நான் சொல்லத்தான் வேண்டும், உன்னை யாரும் திட்ட மாட்டார்கள், அதற்கு நான் பொறுப்பு என்றார். குழந்தை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தது.

"மெதுவா சொல்லுங்க" என்றது.

குழந்தையைக் கணவரின் கடையில், ரெக்சின் வெட்டுத் துண்டுகளில் பிடித்த நிறங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி உட்காரவைத்தார். டீ குடித்துவிட்டு வந்த தகப்பனைப் பின்சீட்டில் ஏறச் சொன்னார். ஹெட்போனைக் குழந்தை மாட்டுகிற மாதிரியே அவருக்கு மாட்டிவிட்டார். சக்கரம் அடிமட்டத்தில் இருந்தது. திரையில் படத்தை ஓடவிட்டார். தாயை முன்னால் உட்காரவைத்துத் தான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, காரில் போகும்போது வழக்கமாக என்ன பேசுவீர்களோ அதே குரலில் அதைப் பேசுங்கள் என்றார். அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, எதற்கோ தயாராக வைத்திருந்ததைப் போல, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்:

"எனக்கு வேணாம். நீயே வச்சுக்கோ. வேற வீடு பாத்துக்கறேன்."

பின்னாலிருந்து தகப்பன், "கேக்குது" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லையாம்.

பேச்சு வீட்டைப் பற்றியது. இருவரும் பிரிவதென்று முடிவாகியிருந்தது. சேர்ந்து கடனில் வாங்கிய வீடு யாருக்கு என்பதுதான் நாலு மாதமாக இழுபறி. நீயே வைத்துக்கொள் என்று ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். குழந்தையை விட்டுக்கொடுக்க இருவரில் ஒருவருக்கும் மனமில்லை. அந்தப் பேச்சை எடுக்கவே பயந்துபோய் இருவரும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பேசினால் குழந்தை கேட்டுவிடுமென்று காரில் பேசினார்கள். பாதி மூடிய காதோடு பின்னால் உட்கார்ந்திருந்த குழந்தைக்கு 'வீடு' விழவில்லை, 'வேணாம்' மட்டும் விழுந்தது.

குழந்தை சொன்னதை அக்கா சொன்னார். தன்னிடம் கேட்டுக்கொண்டபடியே மெதுவாகச் சொன்னார். தாய் கதவைத் திறந்துகொண்டு சீட் கவர் கடையை நோக்கி ஓடினாள். தகப்பனால் உடனே இறங்க முடியவில்லை. ஓடிக்கொண்டிருந்த படத்தின் வெளிச்சம் முகத்தில் மாறி மாறி விழ, அப்படியே உட்கார்ந்திருந்தார். நீங்களும் போங்க சார் என்று அக்கா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மூன்று பேரும் ரெக்சின் சுருள்கள் மேல் உட்கார்ந்து அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? நான் பக்கத்துக் கடையில போயி காத்து அடிக்கற மெஷின ஓட விடச் சொல்லிட்டேன். சும்மாவே ஓடிச்சு, பாவம்" என்றார். அவருடைய கணவர் கடையை அவர்களுக்கு விட்டுவிட்டு அந்த அரை மணி நேரமும் வெயிலில் நின்றுகொண்டிருந்தாராம்.

அன்றைக்குப் பிறகு அக்காவிடம் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. முன்னால் பேசுவது பின்னால் கேட்குமா என்று எவராவது கேட்டால், "கேக்கும்" என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார். இந்த விலையில் வாங்கியும் கேட்குமா என்று சிலர் முறைக்கிறார்கள். கேட்க வேண்டும் என்று நினைத்தால் எதைப் போட்டாலும் கேட்கும் என்கிறார். இதனால் இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார்.

தம்பதி பிரிந்துவிட்டார்கள். அது நிற்கவில்லை, நிற்க வேண்டும் என்று அக்கா எதிர்பார்க்கவும் இல்லை. அந்த வீட்டை விற்றுவிட்டு இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வாடகைக்கு இருக்கிறார்கள். வாரத்தில் பாதி நாள் அம்மாவோடு, பாதி நாள் அப்பாவோடு என்று குழந்தையின் எதிரிலேயே பேசி முடிவு செய்தார்கள். எந்தெந்த நாள் எங்கே என்பதைக் குழந்தைதான் சொன்னது. இதையெல்லாம் தாய் ஒருநாள் தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனாள். சொல்லி முடித்தபின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

நான் ஷெட்டில் இருந்த இரண்டாவது நாள் பிற்பகல், அந்தத் தகப்பனும் குழந்தையும் வந்தார்கள். சீட்டைத் தள்ளியதில் ஒயர் எங்கோ நசுங்கி வலது பக்கத் திரை அணைந்து அணைந்து எரிந்தது. அக்கா தரைவிரிப்பைத் தூக்கி, நசுங்கிய இடத்தைக் கண்டுபிடித்து, வெட்டிச் சேர்த்து டேப் சுற்றினார். தகப்பன் பேட்டரிக் கடைப் பக்கம் போயிருந்தார். குழந்தை பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டது. இரண்டு காதும் முழுசாக மூடியிருந்தன. படம், விட்ட இடத்திலிருந்து ஓட ஆரம்பித்தது.

பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று திறந்திருந்த கதவருகே நின்று அக்கா கேட்டார். பதில் இல்லை. குழந்தையின் கண் திரையில் இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. திரையில் என்ன நடந்ததோ, திடீரென்று உரக்கச் சிரித்தது. எதுவும் காதில் விழாதவர்கள் சிரிப்பதுபோல அளவு தெரியாத, ஷெட் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. டயர் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா இன்னொரு தடவை கேட்கவில்லை. நெற்றி விளக்கை அணைத்தார். காரின் கதவை அறைந்து சாத்தாமல், இரண்டு உள்ளங்கைகளையும் அதன் மேல் வைத்து, பூட்டு விழும் சத்தம்கூட வராதபடி மெல்ல அழுத்தி மூடினார்.