மறுபடி உள்ள வாங்க

காலை வகுப்பின் நடுவே சுடலைமுத்து சாரின் மனைவி போனில் கூப்பிட்டார். "டீச்சர், அவிய போயிட்டாவ" என்றார். மாணவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு சென்டரைப் பூட்டினோம்.

கோவில்பட்டியில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டரில் படித்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர்கள், நர்சிங் முடித்து வெளிநாட்டுக்கு முயல்கிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லோருக்கும் நாங்கள் இருவர்தான் ஆசிரியர்கள். நான் டென்ஸ் எடுப்பேன், மற்றதெல்லாம் அவர். அதிலும் அட்வெர்ப் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். "வந்தான்னு மட்டும் சொன்னா ஆளைத் தெரியாது. எப்படி வந்தான்னு சொல்லுங்க, தெரிஞ்சிரும்" என்பார். அவருடைய சொந்த ஊர் எப்போதும்வென்றான். ஊர்ப் பெயரிலேயே ஒரு அட்வெர்ப் இருக்கிறது என்று முதல் வகுப்பிலேயே பெருமையடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட மனிதருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பேச்சு சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பேச்சு போய்விட்டது. வேறென்ன சொல்ல? சென்டர் முதலாளி நல்லவர்தான், ஆனாலும் ஒரு வகுப்பாவது எடுக்க முடிந்தால்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்தால் செத்துப்போவேன் என்று சார் எனக்கு எழுதிக் காட்டினார்.

அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தார். பலகையில் 'அவன் உள்ளே வந்தான்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். வெளியே போய், தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். வகுப்பு ஒரு நிமிடம் விழித்தது. பிறகு தீப்பெட்டி ஆபீஸ் மாரீஸ்வரி "ஷைலி" என்றாள். மறுபடி போய், கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "ஆங்கிரிலி" என்று எல்லோரும் கத்தினார்கள். பிறகு மாணவர்களையே ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். சீட்டில் எழுதிக் கொடுத்த சொல்லுக்கும் வருகிற விதத்துக்கும் பொருந்தவில்லை என்றால், கையைத் தூக்கி வாசலைக் காட்டுவார். மறுபடி உள்ளே வர வேண்டும். பொருந்தினால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மற்ற பாடங்களை அவரால் இனி எடுக்க முடியாது. அட்வெர்ப் மட்டும் அவர் கையில் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு வேலையில் நின்றார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து ஸ்லேட்டில் எழுதிக் காட்டினார்: "எல்லாத்தையும் நடிச்சுப் பாத்துட்டேன் டீச்சர். பெர்ஹாப்ஸை மட்டும் நடிக்க முடியல." நான் சிரித்தேன். மதுரை டாக்டர் அந்தச் சமயம் அந்த 'ஒருவேளை'யைத்தான் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் நுரையீரலுக்குப் போனபின் டாக்டர் அதையும் சொல்வதை விட்டுவிட்டார்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது, அழக்கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை பொய்த்த கரிசல் வெடித்துக் கிடந்தது. வாசலில் அவர் மனைவி, "அவிய முழிச்சுத்தான் இருக்காவ, போங்க" என்றார். முகத்தைச் சிரிப்பாக்கிக்கொண்டு, கையில் பழப்பையுடன் கலகலப்பாக உள்ளே போனேன். கட்டிலில் எலும்பாகக் கிடந்தவர் என்னைப் பார்த்தார். கையை மெல்லத் தூக்கி வாசலைக் காட்டினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வெளியே வந்தேன். பழப்பையைக் கீழே வைத்தேன். மறுபடி உள்ளே போனபோது அழுதுகொண்டே போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன். அவர் தலையசைத்தார்.

எப்போதும்வென்றானில் அவரைக் கிடத்தியிருந்த வீட்டுக்குள் நாங்கள் ஒவ்வொருவராகப் போனோம். மாரீஸ்வரி வந்தாள், முதலாளி வந்தார். வந்தவர்கள் கஷ்டம் தீர்ந்தது என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை. சென்டரைத் திறந்த பிறகு அவருடைய வகுப்பை நான் எடுத்துப் பார்த்தேன். பேசாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டேன். முதலாளி இப்போது அந்த நேரத்தில் வீடியோ போடுகிறார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்த வீட்டுக்குள் நுழையும்போதும் வாசலில் ஒரு கணம் நின்று, எப்படி உள்ளே போகப்போகிறேன் என்று கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் பொய்யாகத்தான் போகிறேன். திருப்பி அனுப்ப ஆளில்லை.