ஒரே நாற்காலி

டக். சிறு இடைவெளி. டக், டக். உள் அறையிலிருந்து விசைப்பலகைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முதல் சர்வீஸ் உள்ளே, எதிராளியின் தவறு. பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. மனைவி டென்னிஸ் ஆட்டம் பதியப் பயிற்சி செய்கிறாள். அந்த விரல்களின் வேகத்தைக் கேட்கக் கேட்க அவருக்கு வயிறு எரிந்தது.

டென்னிஸ் மைதானத்தில் அவருக்கு ஸ்கோர் என்று பெயர். ஆட்டக்காரராக ஆசைப்பட்டு, தோள் ஒத்துழைக்காமல், கோர்ட் ஓரத்து மேசைக்கு வந்து சேர்ந்தவர். ஒவ்வொரு புள்ளியும் எப்படி வந்தது என்று விசை தட்டிப் பதிவது வேலை. ஒருவர் தவறவிட்டால், எதிராளி நெருக்கியதால் வந்த தவறா, சும்மா கைநழுவியதா என்று பதிகிறவர் கண்தான் சொல்ல வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் ஸ்கோரின் கண்ணை அடித்துக்கொள்ள ஆளில்லை. பெண்கள் ஆட்டம் பதிய வந்த ஒருத்திக்கு விசைகளைச் சொல்லிக்கொடுத்து, அவளையே கல்யாணமும் செய்துகொண்டார்.

அங்கேதான் வினை. பெண்கள் ஆட்டத்துக்கு உட்கார்ந்தால், சர்வீஸை எடுக்க முடியாமல் போனதையெல்லாம் அவர் 'கைநழுவல்' என்றே தட்டுவார். ஆண்களின் அடியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பூப்பந்து. அவர் அறிக்கையைப் படித்தால் பெண்கள் எல்லாரும் ஏனோதானோவென்று ஆடுவதாகத் தெரியும்.

"எதிர்ல நின்னு அவங்க சர்வீஸ் ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, அப்புறம் தட்டுங்க" என்று அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள் மனைவி. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு பெண்கள் ஆட்டம் முழுக்க, எடுக்க முடியாத சர்வீஸை 'நெருக்கடி' என்று பதியும் அவள் முறைக்கு மாறியது. அன்றிலிருந்து ஸ்கோருக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது ஆண்டின் பெரிய போட்டி. ஆண், பெண் இறுதி ஆட்டங்கள் இரண்டுக்கும் தலைமைப் பதிவாளர் நாற்காலி ஒன்றே ஒன்று. அந்த நாற்காலி அவருடைய வாழ்நாள் கனவு. யாருக்கு என்று முடிவுசெய்ய சூப்பர்வைசரே வீட்டுக்கு வந்தார். பழைய பெண்கள் ஆட்டம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, இருவரையும் அருகருகே உட்காரவைத்துப் பதியச் சொன்னார். நிறுத்திப் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை.

முதலில் ஸ்கோர் ஒரு குறையும் இல்லாமல் தட்டினார். வேண்டுமென்றே 'நெருக்கடி' விசையையும் தாராளமாகத் தொட்டார். ஆனால் மனம் பக்கத்தில் குறுகுறுத்தது. இதற்கு அவள் என்ன தட்டியிருப்பாள்? கண் தானாகத் திரும்பியது. கீழுதட்டைக் கடித்தபடி, இமைகூட அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்த விரல், பாவி விரல், அவர் பிடித்துச் சொல்லிக்கொடுத்த விரல், விசைமேல் பறந்தது.

திரையில் நடுவர் "கேம்" என்றார். ஸ்கோரின் கணினி நாற்பது–முப்பது என்றே காட்டியது.

"அண்ணே, உங்க கணக்குல ஒரு புள்ளி குறையுதே" என்றார் சூப்பர்வைசர்.

கணினி சிக்கிக்கொண்டது என்று ஸ்கோர் முணுமுணுத்தார். யாரும் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. நாற்காலி அண்ணிக்கு என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்து எழுந்தார்.

அவர் வாசலில் செருப்பைத் தேடும்போது மனைவி கணவன் காதருகே குனிந்தாள். "கல்யாணமான புதுசுல கூட நீங்க என்னை இப்படி உத்துப் பார்த்ததில்லைங்க."

"உன்னை யாரு பார்த்தா? உன் விரலைத்தான் பார்த்தேன்."

"அந்த நேரத்துல பந்தைப் பார்த்திருக்கலாம்."

அவள் குரலில் கேலி இல்லை. கண் கலங்கியிருந்தது. ஆனாலும் அவருடைய வயிற்றெரிச்சல் தணிந்தபாடில்லை.

செருப்பு கிடைத்த சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, அண்ணி பக்கத்துல உதவிக்கு ஒரு ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் ஸ்கோர். விருந்தாளி கடைசிப் படி இறங்கும் வரைகூடப் பொறுக்காமல், கதவை அறைந்து சாத்தினார்.