ஒரு கூறு மட்டி

தேவானந்தம் அண்ணா பொய் பேசி நான் கேட்டதில்லை. அஸ்தினாபுரத்தில் எங்கள் சபையார் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் முப்பத்தொரு வருஷம் செக்கிங் வேலை பார்த்தவர். லேத்தில் கடைந்து வரும் சாமானை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் ஒரு பக்கம், மயிரிழை கூடக்குறைய இருந்தால் இன்னொரு பக்கம் போட வேண்டும். முதலாளியே வந்து நின்று "இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்களேன்" என்றாலும் விட மாட்டாராம். ரிடையர் ஆகியும் அந்தக் கண் போகவில்லை. கோயிலில் பாட்டு நம்பர் பலகை கோணலாகத் தொங்கினால், ஆராதனை தொடங்கும் முன்னே எழுந்து வந்து நேராக்கிவிட்டுப் போய் உட்காருவார். கோயிலைப் பெருக்கித் துடைத்து, அதை மாட்டுகிறவள் நான்தான். ஒரு நாளும் கடிந்து சொன்னதில்லை. "காத்துல ஆடியிருக்கும் கிறிஸ்டி" என்பார்.

அப்படிப்பட்டவர் நாலு மாதமாக, சனிக்கிழமை தவறாமல், ஒரு ஆளிடம் போய் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதைச் சொன்னவரும் அவரேதான். அவரைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவர் வீட்டுக்காரம்மா ஞானசௌந்தரி அக்கா நாகர்கோவில் பக்கத்துக்காரர். எங்கள் பக்கத்தில் மட்டி வாங்குகிறவர்கள் குறைவு. ஓட்டைத் திறந்தால் உள்ளே ஒரு விரல்நுனி சதை, அதற்கா இவ்வளவு பாடு என்று மீனோடு நிறுத்திக்கொள்வார்கள். அக்காவுக்கோ மட்டி இல்லாவிட்டால் சனிக்கிழமையே இல்லை. முட்டுக்காட்டிலிருந்து புஷ்பம் என்கிற அம்மா அன்னக்கூடையில் மட்டி கொண்டு வந்து, மூடிக் கிடக்கிற ஒரு டைல்ஸ் கடை வாசலில் உட்காருவார். தராசு கிடையாது. ஈரச் சாக்கை விரித்துச் சின்னச் சின்னக் குவியலாகக் கூறு கட்டி வைத்திருப்பார். ஒரு கூறு இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும்.

வாங்கி வருவது அண்ணா. சமைப்பது அக்கா. கல்யாணமானதிலிருந்து அதுதான் ஏற்பாடு. பூண்டு வாசனை தெருமுனை வரைக்கும் வரும். அண்ணா அடுப்படிப் பக்கமே போக மாட்டார். "பை உள்ள போகும், தட்டு வெளிய வரும். நடுவுல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது" என்று சிரிப்பார்.

ஜூன் மாதம் அக்கா போய்விட்டார். காய்ச்சல் என்று படுத்தவரை மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள், ஆறாம் நாள் பெட்டியில் வந்தார். மகள் ஜோவிதா பெங்களூரிலிருந்து வந்து பதினைந்து நாள் இருந்தது. "என்கூட வந்துடுங்கப்பா" என்று அழுதது. "பாக்கலாம்மா" என்றார் அண்ணா. அதற்குப் போக மாட்டேன் என்று அர்த்தம். அதுவும் வேலைக்குப் போகிற பிள்ளை, எத்தனை நாள் லீவு போடும்? போய்விட்டது.

அது போன மறு சனிக்கிழமை காலையில், கொக்கியில் பை தொங்கியதாம். அண்ணா எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். எதற்குப் போகிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. டைல்ஸ் கடை வாசலில் போய் நின்றதும்தான் நினைவு வந்தது.

"இன்னா சார், ரெண்டு மூணு வாரமா ஆளையே காணோம்? ஊருக்குப் பூட்டியா?" என்றார் புஷ்பம்.

"ஆமாம்மா."

"அக்கா எப்டி கீது? நல்லா கீதா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தார். "நல்லா இருக்கா" என்று வந்துவிட்டது.

புஷ்பம் ஒரு கூறை வாரிப் பையில் போட்டார். மேலே நாலு மட்டியைக் கொசுறாக எறிந்தார். "அக்காவுக்கு" என்றார்.

"அங்கேருந்து எங்க வீட்டு கேட்டு வரைக்கும் இருபது நிமிஷம் நடை" என்று அண்ணா என்னிடம் சொன்னார். "அந்த இருபது நிமிஷம் அவ வீட்ல இருந்தா கிறிஸ்டி. பை கனமா இருந்துது. லேட்டாப் போனா திட்டுவாளேன்னு வேகமா நடந்தேன். கேட்டத் தொறந்தப்புறம்தான் இல்ல."

அந்த இருபது நிமிஷத்துக்காக அவர் அடுத்த சனிக்கிழமையும் போனார்.

மட்டியை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்கலாமென்றால் அவர்கள் ஐயங்கார், முட்டைகூடத் தொட மாட்டார்கள். எனக்குக் கொடுத்திருந்தால் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டிருப்பேன். அதனால் கொய்யா மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். உயிரோடு இருக்கிற ஜீவன்கள். மண்ணைத் தள்ளும்போது உள்ளேயிருந்து லேசாகச் சத்தம் வருமாம். ஞாயிற்றுக்கிழமை எங்களோடு முழங்காலில் நின்று பாவ அறிக்கை சொல்வார். சனிக்கிழமை மறுபடி பையை எடுப்பார்.

ஒரு பொய்யோடு அது நிற்கவுமில்லை. புஷ்பம் வாயாடி. வியாபாரம் இல்லாத நேரத்தில் ஆளை விட மாட்டார்.

"இன்னா சார், உன்ன வெயில்ல தொரத்திட்டு அக்கா ஃபேனப் போட்டுகினு படுத்துகினு கீதா?"

"ராணியாச்சே, அப்படித்தான் இருக்கும்" என்பார் அண்ணா.

"ஒரு நாளு இட்டுகினு வா சார். பாத்து எத்தினி நாளாச்சு."

"கண்ணு ஆபரேஷன் பண்ணியிருக்கா. தூசி படக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஐயோ, எந்தக் கண்ணு?"

"இடது கண்ணு."

வீட்டுக்கு வந்து அதையும் நினைவு வைத்துக்கொள்வாராம், அடுத்த வாரம் வலது கண் என்று சொல்லிவிடக்கூடாதே என்று. பட்டறையில் அளவு எழுதி வைத்த மனுஷன் பொய்க்கும் அளவு வைத்துக்கொண்டார்.

இப்படியே அக்டோபர் வந்தது. விளைச்சலைக் கோயிலுக்குக் காணிக்கையாகப் படைக்கிற அறுப்பின் பண்டிகை எங்கள் சபையில் அக்டோபர் கடைசி ஞாயிறு. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமைகளில் ஒன்றில், ஞானசௌந்தரி அக்கா ஒரு டப்பா நிறைய மட்டி பூண்டு வறுவல் செய்து புஷ்பத்துக்குக் கொடுத்தனுப்புவார். விற்கிறவர் தின்ன வேண்டாமா என்பார். எத்தனையோ வருஷமாக நடப்பது.

"கோயில் திருநாளு வருதே சார். அக்கா இந்த வாட்டி டப்பா குடுக்குமா? கண்ணு வேற இப்டி கீது. முடியலன்னா உடு, நானே ஒரு நட வூட்டாண்ட வந்து பாத்துட்டுப் போறேன்."

அண்ணா அவசரமாகக் கையை ஆட்டினார். "வேணாம்மா, வேணாம். கண்ணு ஆறிடுச்சு. அடுத்த வாரம் டப்பா கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அன்றைக்கு வாங்கின மட்டியை அவர் புதைக்கவில்லை. முதல் தடவையாகச் சமைத்துப் பார்த்தார். சாயங்காலம் ஒரு கிண்ணத்தை மூடி எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். "தின்னு பாரு கிறிஸ்டி, என்னமோ சரியில்ல" என்றார். வாயில் போட்டேன். நறநறவென்று ஒரே மண்.

"ஊற வைக்கலையா அண்ணா?"

"ராத்திரி வரைக்கும் வச்சாலும் இப்படித்தான் இருக்கும் போல. நாலு மணி நேரம் வச்சேன். அதுவும் நல்ல தண்ணியில."

"எந்த நல்ல தண்ணி?"

"கேன் தண்ணி. ஒரு கேன் முழுசா ஊத்தினேன்."

எங்கள் தெருக்களில் போர் தண்ணீர் மஞ்சளாக வரும். சாப்பிடுகிற பொருளாச்சே, அதில் எப்படிப் போடுவது என்று, குடிக்க வைத்திருந்த கேனைக் கவிழ்த்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது எனக்கு வேறெதுவும் தெரியாது. பாவம், அக்கா சமையல் ஞாபகம் வந்து செய்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அது கழிமுகத்துத் தண்ணியில வாழ்ந்தது அண்ணா. உப்பு இல்லாத தண்ணியில வாயை இறுக்கிக்கும், மண்ணக் கக்காது. செத்துக்கூடப் போயிடும். கல்லுப்பு ஒரு கை அள்ளிப் போட்டுக் கரைங்க. நாக்குல வச்சா கடல் தண்ணி மாதிரி கரிக்கணும். மூணு மணி நேரம் மூடி வைங்க, தானே வாயத் தொறந்து துப்பிடும். அப்புறம் வேக வச்சதும் எது தொறக்கலையோ அதத் தூக்கிப் போட்டுடுங்க."

ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். "தொறக்காதது ரிஜெக்ட்" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.

"தேங்காயெண்ணெய், கடுகு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சத்தூள், மிளகுத்தூள். பூண்டு நிறைய போடணும், தோலோட இடிச்சுப் போடுங்க. அரிஞ்சு போட்டா அந்த வாசனை வராது. பண்டிகை சமயத்துல பக்கத்துல நின்னு நான் பாத்திருக்கேன், அக்கா இடிச்சுத்தான் போடுவாங்க."

அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் போய் மட்டி வாங்கி வந்தார். உப்புத் தண்ணீரில் போட்டு, தட்டால் மூடி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். மூணு மணி நேரம் கழித்துத் திறந்தால் அடியில் கறுப்பாக மண். மட்டிகள் இத்தனூண்டு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் நான் சொன்னபடி செய்தார். ஒன்றைத் தவிர.

பூண்டு இடிக்க அக்காவின் இடிகல்லை எடுத்திருக்கிறார். உள்ளே அக்கா கடைசியாக இடித்த பூண்டின் தோல், காய்ந்து கல்லோடு ஒட்டியிருந்தது. கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கத்தியை எடுத்துப் பூண்டை உரித்து அரிந்தார்.

டப்பாவை எடுத்துக்கொண்டு மத்தியானம் டைல்ஸ் கடை வாசலுக்குப் போனார். புஷ்பத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. "சொல்லி வச்சாப்புல குடுத்தனுப்பிச்சு பாரு எங்க அக்கா" என்று கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அங்கேயே மூடியைத் திறந்து இரண்டு விரலால் எடுத்து வாயில் போட்டார். மென்றார். சிரிப்பு நின்றது. டப்பாவைக் கிட்டே வைத்துக் கிளறிப் பார்த்தார்.

"இது அக்கா கை இல்ல சார்."

அண்ணா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"பூண்டப் பாரு. ஸ்கேலு வச்சு அரிஞ்ச கணக்கா ஒண்ணு போல கீது. அக்கா இடிச்சில்ல போடும்? தோலு வாயில மாட்டும். யாரு சார் ஆக்கினது?"

"நான்தாம்மா."

"அக்காவுக்கு இன்னா? கண்ணு இன்னும் ஆறலையா?"

"அக்கா இல்லம்மா. ஜூன்லயே போயிட்டா."

புஷ்பம் டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. நாலு பக்கமும் அழுத்தி அழுத்தி மூடினார்.

"ஜூன்ல. இப்போ இன்னா மாசம்?"

"அக்டோபர்."

"வாரா வாரம் இங்க குந்திகினு அக்கா எப்டி கீது, அக்கா எப்டி கீதுன்னு கேட்டுகினே இருந்தனே சார். கேட்டுகினே இருந்தனே. நல்லா கீதுன்னியே. சொல்லியிருந்தா ஒரு மாலை வாங்கியாந்து போட்டிருக்க மாட்டனா? நானு யாருன்னு நெனச்ச, வெறும் மட்டி விக்கிறவன்னா?"

"தப்புதாம்மா."

"கண்ணு ஆபரேஷனுன்னு நீ சொன்னதுக்கு வேளாங்கண்ணிக்கு மஞ்சத்துணில காசு முடிஞ்சு வச்சுக்கிறேன் நானு."

அதற்குள் ஒரு ஆள் வந்து வண்டியை நிறுத்தி மட்டி கேட்டார். புஷ்பம் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு அவருக்கு அள்ளிப் போட்டார். அப்புறம் அண்ணா பக்கம் திரும்பவில்லை. அண்ணா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டார். அந்த இருபது நிமிஷம் முழுக்க வீட்டில் யாரும் இல்லை என்றார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அதற்கும் அடுத்த சனிக்கிழமை. மறுநாள் பண்டிகை. கோயில் வாசலில் வாழை கட்டி, காய்கறி, பூசணியெல்லாம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணா பையோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். பலகை கோணலாக இருந்தது. அன்று அவர் எழுந்து வரவில்லை. என்ன அண்ணா என்று போய்க் கேட்டேன். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதியில் நானும் உட்கார்ந்துவிட்டேன். ஆண்டவருக்குத் தெரியும் என்று மட்டும் மனதில் சொல்லிக்கொண்டேன்.

"இன்னைக்கு ஏன் போனீங்க அண்ணா?"

"போகாம இருந்தா அதுவும் ஒரு பொய் மாதிரி இருக்கும்னு பட்டுது."

"அந்தம்மா பேசினாங்களா?"

"எப்டி கீறன்னு கேட்டாங்க. என்னைத்தான். அவள இல்ல." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அப்புறம் சாக்கு மேல இருந்த ஒரு கூற இழுத்து, உள்ளங்கை ஓரத்தால கூறு நடுவுல ஒரு கோடு இழுத்தாங்க. இந்தப் பாதி அங்க, இந்தப் பாதி இங்க. ஒரு பாதிய மட்டும் எடுத்து என் பையில போட்டு, 'இனிமே ஒனக்கு இது போதும் சார்'னாங்க. சரியாத்தான் பிரிச்சாங்க. ஒண்ணு கூட ஏறக்கொறைய இல்ல."

பையை என்னிடம் நீட்டினார். "தூக்கிப் பாரு."

வாங்கித் தூக்கினேன். ஈரப் பை. உள்ளே ஓடுகள் ஒன்றோடொன்று உரசின. கனமே இல்லை.

"இதுக்கு உப்பு எவ்வளவு போடணும் கிறிஸ்டி? நீ சொன்னது முழு கூறுக்கு."

"அரைக் கை போதும் அண்ணா. தண்ணியும் பாதி வைங்க."

"அரைக் கை" என்று சொல்லிக்கொண்டார். டைரி அன்று கையில் இல்லை. பையை வாங்கிக்கொண்டு, பூசணிகளுக்கு நடுவே வழி பார்த்து நடந்து, வீட்டுக்குப் போனார்.