நடுக்கடலில் தெரியாத அலை

சிறுவயதில் எனக்குப் பிறருக்குப் பாடம் நடத்த ஆசை. கேட்கத்தான் ஆள் கிடைக்காது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் அண்ணன்மார் தறியில் இருப்பார்கள், அம்மா அடுப்படியில் இருப்பாள். நான் வாயைத் திறந்தால் எல்லாருக்கும் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். சித்தி ஒருத்திதான் முழுக்கக் கேட்பாள். அவளோடும் யாரும் அதிகம் பேசுவதில்லை. சித்தப்பாவை நான் பார்த்த நினைவே இல்லை. கேட்டால், “கப்பல்ல இருக்குறார்” என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்வார்கள். சித்திக்குப் பிள்ளையில்லை. அத்தனை பேர் இருந்த வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் தனியாக இருந்தோம்.

ஒருநாள் காலை ரேடியோவில் செய்தி. கிழக்கே ஏதோ தீவுப் பக்கம் கடலுக்கடியில் பூமி அதிர்ந்து, துறைமுக ஊருக்குள் அலை புகுந்துவிட்டதாம். சுனாமி என்ற சொல் எங்கள் பக்கம் வராத காலம். கடல் பொங்கிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். சித்தப்பாவின் கப்பல் போகும் திசை அது. அப்பா சட்டென்று ரேடியோவை அணைத்தார். சித்தி அன்று சாப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, பூகோள டீச்சர் அன்றே அதைப் படம் போட்டு விளக்கினார்.

மறுநாள் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். நெய்வதற்கு முன் நீளவாக்கு இழைகளைத் தெருவோடு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து சீராக்குவது வழக்கம். முனைக் கயிற்றைக் கல்லில் ஒரு சுற்றுச் சுற்றி, தொய்யாமல் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அன்று பிடித்திருந்தது சித்தி. நகர முடியாத மாணவி. விடுவேனா?

“சித்தி, காத்துல வர்ற அலை மேல்தண்ணியிலதான் ஆடும். இது அப்படி இல்ல. அடியில தரையே தூக்கிக்குது. மேல இருக்குற தண்ணி மொத்தமும் கூட எழும்புது” என்று சொல்லி, பாவை அடியிலிருந்து விரலால் ஒரு தட்டு தட்டினேன். அதிர்வு மறுமுனைவரை ஓடியது.

“நூல் அங்கயேதான் இருக்குது பாரு. அலைதான் ஓடுது.”

“எவ அவ, பாவைத் தொட்டது?” என்று மறுமுனையிலிருந்து அப்பா கத்தினார்.

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். “நடுக்கடல்ல ஆழம் ஜாஸ்தி. அலை வேகமா ஓடும், ஆனா உயரமே இருக்காது. கப்பல்ல நின்னுக்கினு இருந்தாக்கூட தெரியாது. கரைகிட்ட ஆழம் கொறையிறப்போ முன்னாடி போறது மெதுவாயிடும், பின்னாடி வர்றது வந்து சேந்துக்கும். அப்பதான் எழும்பும். சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது.”

சித்தி சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

“கரையில இருந்தா?” என்றாள்.

“அவ்ளோதான். வூடு வாசல் எல்லாம் அடிச்சிக்கினு போயிடும்” என்றேன், டீச்சரின் அதே தோரணையில்.

கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. பட்டுப் பாவு தெரு மண்ணில் படுத்தது. எங்கள் தெருவில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அப்பா ஓடி வந்தார். சித்தியின் முகத்தைப் பார்த்தவர், கயிற்றைத் தானே எடுத்துக்கொண்டார். திட்டு முழுவதும் எனக்குத்தான் விழுந்தது. ஒரு வார்த்தை பிசகாமல் சொன்ன எனக்கு எதற்குத் திட்டு என்று அழுகை வந்தது.

சித்தி உள்ளே சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மெதுவாகக் கேட்டாள்: “மேட்டுக்கு ஓடிட்டா தப்பிச்சிக்கலாமா? சின்னப் புள்ளைங்களால அவ்ளோ வேகமா ஓட முடியுமா?”

“காஞ்சிபுரத்துக்குக் கடல் வராது சித்தி. எனக்கு ஒண்ணும் ஆவாது” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சித்தப்பா கப்பலை விட்டு இறங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. அந்தத் துறைமுக ஊரில் அவருக்கு இன்னொரு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் பிழைத்துக்கொண்டதாகப் பிறகு சேதி வந்ததாம். இதெல்லாம் வீட்டில் என்னைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தபோது எனக்கே கல்யாணம் ஆகியிருந்தது. அன்றைக்கோ, என்னை நினைத்துக் கவலைப்படவும் இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே என்று பொழுது சாயும்வரை சந்தோஷமாக இருந்தேன்.